விழுந்தவர் சாமர்த்தியசாலி என்றால் பழி சுமந்தவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிறவன் நான். விளையாட்டுச் செய்திகளை முடித்துவிட்டுத்தான் முன்பக்கத்துக்கு வருவேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். சமீபத்தில் ஒரு கால்பந்து ஆட்டம் பற்றிய செய்தியில், கடைசி நிமிடங்களில் முன்கள வீரர் ஒருவர் "சாமர்த்தியமாக விழுந்து பெனால்டி பெற்றுத் தந்தார்" என்று போட்டிருந்தீர்கள். அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். டிஃபெண்டர் காலை நீட்டப் போனார், பந்து எட்டாது என்று தெரிந்ததும் சட்டென்று இழுத்துக்கொண்டார். அவர் கால் இவர் மேல் படவே இல்லை, ரீப்ளேயில் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தொடரில் விஏஆர், அதாவது வீடியோ பார்த்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் முறை, கிடையாது, அதனால் நடுவர் கொடுத்தது கொடுத்ததுதான்.

எழுதிய நிருபர் மேல் எனக்குக் கோபம் இல்லை. டிவியில் வர்ணனை செய்கிறவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். "அனுபவத்தைக் காட்டிட்டார்", "பெனால்டியைச் சம்பாதிச்சிட்டார்" என்பார்கள். ரசிகர்களான நாமும் நம்ம டீம் ஆள் விழுந்தால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறோம், எதிர் டீம் ஆள் விழுந்தால் மட்டும் திட்டுகிறோம். ஆனால் அந்த ஒரு வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் விழுந்தவர் இருக்கிறார், பெனால்டி இருக்கிறது, கோல் இருக்கிறது. அந்த டிஃபெண்டர் இல்லை. செய்யாத தப்புக்கு மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டு, தலையில் கை வைத்தபடி நின்ற அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

டைவ் அடிப்பது, அதாவது ஃபவுல் நடந்த மாதிரி நடித்து விழுவது பற்றி எப்போது பேசினாலும் பேச்சு விழுந்தவரைச் சுற்றியே ஓடுகிறது. 2018 உலகக் கோப்பையில் பிரேசிலின் நெய்மார் எத்தனை நிமிடம் தரையில் கிடந்தார் என்று சுவிட்சர்லாந்து தொலைக்காட்சி ஒன்று கணக்குப் போட்டது, நான்கு ஆட்டங்களில் ஏறக்குறைய 14 நிமிடம். உலகம் முழுவதும் அது ஓடியது, மீம் போட்டார்கள், சின்னப் பிள்ளைகள் உருண்டு காட்டினார்கள். சரி. அதே தொடரில் கோஸ்டாரிகாவுக்கு எதிரான ஆட்டத்தில் நெய்மார் பின்னால் சாய்ந்து விழுந்து பெனால்டி வாங்கியதும், நடுவர் பியோர்ன் கைபர்ஸ் திரையில் போய்ப் பார்த்துவிட்டு அதை ரத்து செய்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். தன் மேல் விழவிருந்த பழியிலிருந்து தப்பிய கோஸ்டாரிகா டிஃபெண்டரின் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

அதனால் நான் மறுபக்கத்திலிருந்து சில ஆட்டங்களைச் சொல்கிறேன்.

2002 உலகக் கோப்பை, ஜூன் 3, தென்கொரியாவின் உல்சான். பிரேசிலுக்கும் துருக்கிக்கும் ஆட்டம். முடியப் போகிற நேரம், பிரேசில் 2-1 என முன்னிலையில் இருக்கிறது. கார்னர் அடிக்க ரிவால்டோ கொடிக் கம்பத்தின் அருகே பந்துக்காகக் காத்திருக்கிறார். துருக்கி வீரர் ஹக்கன் உன்சால் எரிச்சலில் பந்தை அவர் பக்கம் ஓங்கி உதைக்கிறார். பந்து பட்டது காலில். ரிவால்டோ பிடித்துக்கொண்டு விழுந்தது முகத்தை. உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள், அப்புறம் சிவப்பு, வெளியே. பந்தை அப்படி உதைத்தது சரி என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஒரு தண்டனை இருக்கலாம். ஆனால் முகத்தில் அடித்தவர் என்ற பெயர் அவருக்கு எதற்கு? ரிவால்டோவுக்கு ஃபிஃபா அபராதம் போட்டது, தடை போடவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவர் ஆடினார், கடைசியில் கோப்பையையும் தூக்கினார். உன்சால் அடுத்த ஆட்டத்துக்கு வெளியே உட்கார்ந்தார். தண்டனை யாருக்கு என்று நீங்களே பாருங்கள்.

2010 ஏப்ரல் 28, பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. இன்டர் மிலான் வீரர் தியாகோ மோட்டா பந்தை மறைத்துக்கொண்டு நகர்கிறார், அவர் கை பின்னால் வந்த செர்ஜியோ புஸ்கெட்ஸின் முகத்துப் பக்கம் படுகிறது. பட்டது உண்மை. ஆனால் புஸ்கெட்ஸ் விழுந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு துடித்த துடிப்பு அந்தப் படலுக்கு உண்டானது இல்லை. அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பொத்திய விரல்களைக் கொஞ்சம் விலக்கி, நடுவர் என்ன செய்கிறார் என்று ஒரு கண்ணால் எட்டிப் பார்ப்பார். நடுவர் காட்டியது சிவப்பு அட்டை. 28-வது நிமிடத்திலிருந்து இன்டர் பத்துப் பேரோடு ஆடியது, அந்த ஆட்டத்தில் 0-1 என்று தோற்றாலும் அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்த மொத்தக் கணக்கில் 3-2 என்று தப்பி இறுதிக்குப் போனது, கோப்பையையும் வென்றது. அதனால் பலர் இதை ஒரு சுபமான கதையாகச் சொல்கிறார்கள். மோட்டாவுக்கு அது சுபம் இல்லை. மேட்ரிட்டில் நடந்த அந்த இறுதியாட்டத்தில் அவர் தடையில் இருந்தார். ஒரு கால்பந்து வீரரின் வாழ்க்கையில் சாம்பியன்ஸ் லீக் இறுதி எத்தனை தடவை வரும்? அந்த விரலிடுக்குப் பார்வையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மோட்டாதான் கண்ணில் வருகிறார்.

மூன்றாவது ஆட்டம் எனக்கு மிகவும் முக்கியமானது, ஏனென்றால் கால்பந்தில் இருக்கிற நல்லதும் கெட்டதும் அதில் சில நிமிட இடைவெளியில் நடந்தன. 2019 ஏப்ரல் 28, இங்கிலாந்தின் இரண்டாம் நிலைத் தொடர், லீட்ஸ் யுனைடெட்டும் ஆஸ்டன் வில்லாவும். வில்லா வீரர் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். பந்தை வெளியே தள்ளப் போகிறார்கள் என்று நம்பி வில்லா ஆட்கள் நின்றுவிட, லீட்ஸ் விடாமல் போய் கோல் போட்டுவிடுகிறது. உடனே தள்ளுமுள்ளு. அந்தக் கூட்டத்தில் லீட்ஸ் வீரர் பேட்ரிக் பாம்ஃபோர்ட் முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுகிறார், வில்லாவின் அன்வர் எல் காசிக்கு சிவப்பு அட்டை. பாம்ஃபோர்ட் முகத்தில் எதுவும் படவில்லை. இது நடந்து முடிந்த கையோடு லீட்ஸ் பயிற்சியாளர் மார்செலோ பியல்சா ஓரத்தில் நின்று கத்துகிறார், அவர்கள் ஒரு கோல் போடட்டும், விடுங்கள் என்று. லீட்ஸ் வீரர்கள் ஒதுங்கி நிற்க (ஒருவர் மட்டும் மனசு கேட்காமல் தடுக்க ஓடினார்) வில்லா நடந்துபோய் கோல் போட்டது. 1-1. நேரடியாக மேல் தொடருக்குப் போகும் வாய்ப்பு லீட்ஸுக்கு அதோடு போனது. பியல்சாவுக்கும் அணிக்கும் அந்த வருடம் ஃபிஃபாவின் ஃபேர் ப்ளே விருது கிடைத்தது. விருது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதற்குள் எல் காசி என்ற ஒருவர் செய்யாத தப்புக்கு மைதானத்தை விட்டு நடந்து போயிருந்தார். பிறகு அந்த அட்டை ரத்தானது, பாம்ஃபோர்டுக்கு இரண்டு ஆட்டத் தடை வந்தது. இப்படி இரண்டு காரியமும், பொய் சொன்னவருக்குத் தண்டனையும் பழி சுமந்தவருக்கு விடுதலையும், ஒன்றாக நடப்பது அபூர்வம். நடக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு நான் விசில் ஊதுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் தொடர் ஒன்றில் கால் இறுதி. 1-1 என்று போய்க்கொண்டிருந்தது, இன்னும் நான்கைந்து நிமிடம்தான் பாக்கி. வலது ஓரத்திலிருந்து ஒரு பையன் பந்தோடு பாக்ஸுக்குள் வருகிறான், கூடவே ஒல்லியாக ஒரு டிஃபெண்டர் பையன் தோளோடு தோள் ஒட்டி ஓடி வருகிறான். நான் பின்னால் இருந்தேன், நடுவில் இன்னொருவன் மறைத்தான். ஒரு அலறல் கேட்டது. பார்த்தால் பந்தோடு வந்தவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புரள்கிறான். நான் விசில் ஊதி பெனால்டி புள்ளியைக் காட்டிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நான் கண்ணால் பார்த்து ஊதவில்லை, காதால் கேட்டு ஊதினேன். அந்த ஒல்லிப் பையனுக்கு மஞ்சள் அட்டை காட்டினேன். "சார், நான் தொடவே இல்ல சார்" என்றான். கத்தவில்லை, சண்டை போடவில்லை, அதை மட்டும் இரண்டு தடவை சொன்னான். "போய் உன் இடத்துல நில்லு" என்றேன். பெனால்டி கோலானது. புரண்டவன் எழுந்து எல்லாரையும் விட வேகமாக ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான். அவனுடைய பயிற்சியாளர் ஓரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அந்தக் கட்டை விரலை நான் மறக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒரு பெற்றோர் தன் ஃபோனில் எடுத்த வீடியோவை என்னிடம் காட்டினார். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

பன்னிரண்டு வயதுப் பையன் அப்படி விழ எங்கே கற்றுக்கொண்டான் என்று கேட்கவே வேண்டாம். டிவியில் பார்க்கிறான், நாம் அதைச் சாமர்த்தியம் என்று சொல்வதைக் கேட்கிறான்.

உண்மையான விழுதலுக்கும் நடிப்புக்கும் உடம்பிலேயே வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் பால் மோரிஸ் என்ற உளவியலாளர் 2009-இல் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நிஜமாகத் தடுக்கி விழுகிற மனிதனின் கை தரையை நோக்கித்தான் போகும். முகம், பல், தலை இவற்றைக் காப்பாற்ற உடம்பு தானாகச் செய்கிற வேலை அது, நாம் யோசித்துச் செய்வதில்லை. நடிக்கிறவர் என்ன செய்கிறார்? இரண்டு கையும் மேலே போகிறது, தலை பின்னால் சாய்கிறது, மார்பு முன்னால் தள்ளுகிறது, முழங்கால் மடிந்து பாதம் பின்னால் தூக்குகிறது. நாண் ஏற்றிய வில் மாதிரி உடம்பு வளைந்து நிற்கும். இயற்கையில் எந்த விழுதலும் அப்படி இருக்காது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். நீங்களும் அடுத்த ஆட்டத்தில் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, விஏஆர் வந்துவிட்டதே, இனி இந்தப் பிரச்சினை இல்லையே என்று சிலர் சொல்வார்கள். காற்றில் விழுவது குறைந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பதிலாக வேறொன்று வந்திருக்கிறது. விஏஆர் எல்லாவற்றுக்கும் தலையிடாது; கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறிக் காட்டிய அட்டை என்று சில விஷயங்களுக்காக வந்தது அது. அதிலும் நடுவரின் தவறு அப்பட்டமாக இருந்தால்தான் மாற்றச் சொல்வார்கள். ஆகவே ஒரு துளி பட்டிருந்தாலும் போதும், "பட்டிருக்கிறதே" என்று நடுவரின் முடிவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது ஆட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் இப்போது வழியில் போகிற காலைத் தேடிப் போய் உரசுகிறார்கள். ஓடிக்கொண்டே ஒரு காலைப் பின்னால் இழுத்து விட்டு, டிஃபெண்டர் கால் மேல் தட்டவிட்டு விழுகிறார்கள். ஸ்லோமோஷனில் பார்த்தால் இரண்டு காலும் படுகிறது. யார் கால் யார் மேல் போய்ப் பட்டது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

"பட்டதா இல்லையா" என்பது தப்பான கேள்வி. கால்பந்து விதிகளில் 12-வது விதியைப் பாருங்கள். அஜாக்கிரதையாக உதைத்தால், தடுக்கி விழவைத்தால், தள்ளினால், பிடித்து இழுத்தால் ஃபவுல். உதைக்கவோ தடுக்கி விழவைக்கவோ முயற்சி செய்தாலே ஃபவுல், படக்கூட வேண்டாம். அதாவது ஆபத்தாக வரும் காலுக்குத் தப்பி ஒருவர் குதித்தால், கால் படாவிட்டாலும் அவருக்கு ஃப்ரீ கிக் உண்டு. மறுபுறம், பட்டது என்பதால் மட்டும் எதுவும் ஃபவுல் ஆகிவிடாது. இரண்டு பேர் ஒரு பந்துக்கு ஓடினால் உடம்பு படத்தான் செய்யும். அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. அடிபட்ட மாதிரி, ஃபவுல் நடந்த மாதிரி நடித்து நடுவரை ஏமாற்ற முயன்றால் மஞ்சள் அட்டை. வெறும் மஞ்சள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு பெனால்டியில் மூன்று பொதுவாக கோலாகும். ஏமாற்று பலித்தால் அந்த கோல் கிடைக்கும், எதிராளி ஒருவர் வெளியே போனாலும் போவார். பலிக்காவிட்டால் ஒரு மஞ்சள், பெரும்பாலும் அதுவும் இல்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011-இல் ஆறு தொழில்முறைத் தொடர்களில் 60 ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்து எண்ணினார்கள். சுமார் 2,800 விழுதல்கள், அதில் ஏறக்குறைய 6 சதவீதம் நடிப்பு. அந்த நடிப்புகளில் ஒன்றுக்குக்கூடத் தண்டனை கிடைக்கவில்லை. தண்டனையே இல்லாத திருட்டை யார் விடுவார்கள்?

இங்கே ஒரு விஷயத்தில் ஆட்டக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன். விழாவிட்டால் நடுவர் தருவதில்லை. சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், கார்னர் வரும்போது இடுப்பைக் கட்டிப்பிடிக்கிறார்கள், குதிகாலில் தட்டுகிறார்கள், அதையெல்லாம் தாங்கிக்கொண்டு நிமிர்ந்து ஓடுகிறவருக்கு என்ன கிடைக்கிறது? தடுமாறியதில் பந்து அரை அடி தள்ளிப் போயிருக்கும், அடிக்கிற வாய்ப்பு போயிருக்கும், விசில் வராது. அவரே விழுந்திருந்தால் பெனால்டி. நேர்மையாக நின்றதற்கு அபராதம் கட்டியது மாதிரி. 2014 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராக நெதர்லாந்தின் ஆர்யன் ராபன் கடைசி நேரத்தில் விழுந்து பெனால்டி வாங்கினார், அதில்தான் மெக்சிகோ வெளியே போனது. ஆட்டம் முடிந்ததும் ராபன் முதல் பாதியில் ஒரு தடவை தான் டைவ் அடித்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், ஆனால் பெனால்டி கிடைத்த அந்தக் கடைசி விழுதல் நிஜமான ஃபவுல் என்றார். இருக்கலாம், காலில் பட்டது தெரிகிறது. ஆனால் ஒரு தடவை பொய்யாக விழுந்தவரின் அடுத்த விழுதலை மெக்சிகோக்காரர்கள் எப்படி நம்புவார்கள்? நடுவர்கள் நிற்கிறவனுக்கும் விசில் ஊதப் பழக வேண்டும். இதை விசில் ஊதுகிற நானே சொல்கிறேன், எனக்கும் சேர்த்துத்தான்.

பந்தைக் கையால் தொடுகிற விவகாரத்தையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். 2010 உலகக் கோப்பை கால் இறுதியில், கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் கானா அடித்த பந்தை உருகுவேயின் லூயிஸ் சுவாரஸ் கோல் கோட்டில் நின்று கையால் தடுத்தார். உலகமே அவரை மோசடிக்காரர் என்றது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை, எல்லார் முன்னாலும் செய்தார், சிவப்பு அட்டை வாங்கினார், கானாவுக்குப் பெனால்டி கிடைத்தது, விதி சொன்ன விலையைக் கட்டினார். அசமோவா கியான் அதை மேல் கம்பத்தில் அடித்தது கானாவின் துயரம், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது, இருந்தாலும் அதில் நடுவரை யாரும் ஏமாற்றவில்லை. 1986-இல் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் தட்டிப் போட்டது வேறு. தலையால் அடித்த மாதிரி காட்டி, ஓடிப்போய்க் கொண்டாடி, நடுவர் அலி பின் நாசரை நம்ப வைத்தார். அதே ஆட்டத்தில் நான்கு நிமிடம் கழித்து அவர் போட்ட இரண்டாவது கோல் கால்பந்தின் உச்சங்களில் ஒன்று, ஆனால் அது முதலாவதைக் கழுவிவிடாது. அந்த நடுவர் எத்தனையோ வருடம் அந்த ஒரு முடிவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். 2015-இல் மரடோனா துனிசியாவில் அவர் வீட்டுக்கே போய் சட்டை ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்பதைப் படித்தபோது, பரவாயில்லை, பழி சுமந்தவரைத் தேடிப் போக அவருக்காவது தோன்றியதே என்று நினைத்தேன்.

2009 நவம்பரில் பாரிஸில் பிரான்ஸின் தியரி ஹென்றி கையால் பந்தை நிறுத்தி, அதிலிருந்து வந்த கோலில் அயர்லாந்து உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை இழந்தது. ஆட்டம் முடிந்து ஹென்றி புல்லில் அயர்லாந்தின் ரிச்சர்ட் டன்னுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பார், அந்தப் படம் பார்த்திருப்பீர்கள். கையில் பட்டதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஆனால் விசில் ஊதி முடிந்த பிறகு ஒப்புக்கொள்வதில் அயர்லாந்துக்கு என்ன கிடைத்தது? ஒப்புக்கொள்ள வேண்டிய நேரம் கோல் விழுந்த அந்த நிமிடம். அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2012-இல் லாசியோவுக்கு ஆடிய மிரோஸ்லாவ் க்ளோசா நபோலிக்கு எதிராக கோல் போட்டார், நடுவர் கொடுத்தும் விட்டார், இவர் போய் கையில் பட்டது என்று சொல்லி ரத்து செய்ய வைத்தார். லாசியோ அந்த ஆட்டத்தில் 0-3 என்று தோற்றது. 1997-இல் லிவர்பூலின் ராபி ஃபவுலர் ஆர்சனல் கோல்கீப்பர் டேவிட் சீமனைத் தாண்டிக் குதித்து விழுந்தார், நடுவர் பெனால்டி என்றார், ஃபவுலர் எழுந்து கையை ஆட்டி இல்லை இல்லை என்றார். நடுவர் மாற்றவில்லை. எல்லாரும் ஃபவுலரைப் பாராட்டுவார்கள், நானும் பாராட்டுகிறேன், ஆனால் அந்த நிமிடத்தில் சீமனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதிராளியே தன் பக்கம் நின்று சாட்சி சொல்கிறான்.

நேரத்தைக் கடத்துவது, நடுவரைச் சூழ்ந்துகொண்டு அட்டை கேட்பது, த்ரோ போடும்போது நான்கு அடி திருடுவது, இவையெல்லாம் தொந்தரவுதான், ஆனால் விதிகள் மெல்ல மெல்லப் பிடிக்கின்றன. கோல்கீப்பர் எட்டு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025-இல் வந்துவிட்டது, 2024 ஐரோப்பியக் கோப்பையில் கேப்டன் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம் என்று வைத்தார்கள். எனக்கு இவற்றை விடப் பயமாக இருப்பது தலையைப் பிடித்துக்கொண்டு நடிப்பது. தலையில் பலமாக அடிபட்டது என்றால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும், அதனால் எதிரணி தாக்க வரும்போது தோளில் பட்டவரும் தலையைப் பிடிக்கிறார். 2014 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் க்ராமர் தலையில் பலமாக அடிபட்டு, எழுந்து, தொடர்ந்து ஆடினார். கொஞ்ச நேரம் கழித்து நடுவரிடம் போய் இது இறுதி ஆட்டமா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு நினைவு தப்பியிருந்தது. நிஜமாக அடிபட்டவர் ஆடிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு மனிதர் அடுத்த தடவை கிடக்கும்போது, இவனும் நடிக்கிறான் என்று நடுவரோ பக்கத்தில் நிற்கும் வீரரோ ஒரு நொடி தயங்கினால், அந்த நொடிக்கு யார் பொறுப்பு?

தண்டனையைப் பொறுத்தவரை வழி தெரியாமல் இல்லை. இங்கிலாந்தில் 2017-இல் கொண்டுவந்தார்கள். நடித்து பெனால்டி வாங்கினாலோ எதிராளியை வெளியே அனுப்ப வைத்தாலோ, ஆட்டம் முடிந்த பிறகு ஒரு முன்னாள் நடுவர், ஒரு முன்னாள் வீரர், ஒரு முன்னாள் பயிற்சியாளர் தனித்தனியாக வீடியோவைப் பார்ப்பார்கள், மூன்று பேரும் ஒரே முடிவுக்கு வந்தால் குற்றச்சாட்டு, நிரூபணமானால் இரண்டு ஆட்டத் தடை. பிரீமியர் லீக்கில் முதலில் மாட்டியவர் எவர்டனின் ஊமர் நியாஸ். பாம்ஃபோர்ட் மாட்டியதும் இதில்தான். இதில் தவறே நடக்காது என்று சொல்ல மாட்டேன், 2009-இல் ஆர்சனலின் எடுவார்டோவுக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு இரண்டு ஆட்டத் தடை போட்டு, மேல்முறையீட்டில் அந்தத் தடையே ரத்தானது. சந்தேகம் இருந்தால் விட்டுவிடட்டும். சந்தேகமே இல்லாதவை எத்தனையோ இருக்கின்றன, அவற்றையாவது பிடிக்கட்டும். என் ஆசை இன்னும் ஒன்று, தடை போடும்போதே பழி சுமந்தவரின் மஞ்சள் அட்டையும் தானாக நீங்க வேண்டும். சிவப்புக்கு மட்டும் மேல்முறையீடு, மஞ்சளைச் சுமந்துகொண்டே போ என்றால் அது பாதி நியாயம்தான்.

விதியை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, என் கையிலும் இல்லை. உங்கள் கையில் இருப்பது அந்த வரி. அடுத்த தடவை ஒருவர் நடித்து பெனால்டி வாங்கினால் "நடுவரை ஏமாற்றி பெனால்டி வாங்கினார்" என்று எழுதுங்கள். கூடவே யார் மேல் பழி விழுந்தது என்று அந்த டிஃபெண்டரின் பெயரையும் போடுங்கள், அவர் கால் படவில்லை என்பதையும் போடுங்கள். அரை வரிதான் கூடும்.

அந்த ஒல்லிப் பையன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். நான் காட்டியது அந்தத் தொடரில் அவனுக்கு இரண்டாவது மஞ்சள். அந்தப் பெனால்டிக்குப் பிறகும் அவன் அணி ஒரு கோல் போட்டு, கடைசியில் டைபிரேக்கரில் ஜெயித்து அரையிறுதிக்குப் போனது, ஆனால் இரண்டு மஞ்சள் வாங்கியதால் அவன் ஆட முடியாது. வீடியோவைப் பார்த்த பிறகு அவனைத் தேடிப் போய், அவன் டீம் பிள்ளைகள் எல்லாரும் நிற்கும்போதே, நான் காட்டியது தப்பு, நீ தொடவில்லை என்று சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ நாளைக்கு நான் ஆடலாமா சார்?" என்று கேட்டான். தொடர் நடத்தியவர்களிடம் போய்ப் பேசினேன், வீடியோவையும் காட்டினேன், ரிப்போர்ட்டில் ஏறியது ஏறியதுதான், மஞ்சளைத் திரும்ப எடுக்க விதியில் இடமில்லை என்றார்கள். மறுநாள் அரையிறுதி முழுக்க அவன் வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்